காக்ளியர் இம்ப்ளான்ட் வைத்த குழந்தையும் விமான நிலையச் சோதனையும்

காது கேளாத பிள்ளைக்கு ஒலியைக் கேட்கவைக்கும் கருவிதான் காக்ளியர் இம்ப்ளான்ட். அதை வைத்த குழந்தையோடு முதல்முறை விமானம் ஏறப்போகும் பெற்றோர் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "அந்த மெட்டல் டிடெக்டர் வாசல் வழியா போனா மெஷின் கெட்டுப்போயிடுமா?" கெடாது. தலைக்குள் இருக்கும் பகுதியும் கெடாது, காதில் மாட்டியிருக்கும் பகுதியும் கெடாது. இந்தப் பயத்திலேயே ஊருக்குப் போவதைத் தள்ளிப்போட்ட குடும்பங்களை எனக்குத் தெரியும் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் மகளும் இம்ப்ளான்ட் வைத்தவள்தான். எங்களுக்கும் அந்தப் பயம் இருந்தது.

உண்மையில் கவனம் வேண்டியது வேறு இடத்தில். சோதனை நடக்கும் சில நிமிடங்களில் யாராவது கருவியைக் கழற்றச் சொல்லி, நாமும் பதற்றத்தில் கழற்றிவிட்டால், குழந்தைக்கு ஒன்றுமே கேட்காது. சுற்றிலும் கூட்டம், சீருடைக்காரர்கள், கையில் ஏதோ ஒரு கருவியோடு தன்னை நோக்கிக் குனியும் புதிய முகம். அம்மா என்ன சொல்கிறாள் என்று தெரியாத நிலையில் அதெல்லாம் நடக்கிறது. ஐந்து வயதுப் பிள்ளைக்கு அது சாதாரண விஷயமில்லை. அந்த நிலை வராமல் பார்த்துக்கொள்ள, கருவி எப்படி வேலை செய்கிறது, சோதனை இயந்திரங்கள் எதைத் தேடுகின்றன என்று கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

உள்ளே ஒன்று, வெளியே ஒன்று

காக்ளியர் இம்ப்ளான்ட் இரண்டு பாகமாக இருக்கும். உள்பாகத்தை அறுவை சிகிச்சை செய்து காதுக்குப் பின்னால் தோலுக்கு அடியில் வைக்கிறார்கள். பெரும்பாலும் டைட்டானியம் உறையில் அடங்கிய சிறிய மின்னணுச் சாதனம் அது. அதில் ஒரு காந்தம் உண்டு. அதிலிருந்து கிளம்பும் மெல்லிய எலெக்ட்ரோடு கம்பி, காக்ளியா என்ற நத்தை வடிவ உள்காதுக்குள் சுருண்டு போகிறது. வெளிப்பாகம் காதில் மாட்டும் ப்ராசஸர், அதோடு வயரால் இணைந்த வட்டமான காயில். காயிலிலும் காந்தம் இருப்பதால், தோலுக்கு அடியில் உள்ள காந்தத்தோடு அது ஒட்டிக்கொண்டு தலையில் நிற்கிறது.

ப்ராசஸரின் மைக் ஒலியை வாங்கும். ப்ராசஸர் அதைக் குறியீடாக்கும். காயில் அதை ரேடியோ அலையாகத் தோல் வழியே உள்ளே அனுப்பும். உள்ளே இருக்கும் சாதனம் அதை மின் துடிப்பாக மாற்றிக் கேட்கும் நரம்பைத் தூண்டும். ஹியரிங் எய்டு ஒலியைப் பெரிதாக்கித் தருகிறது. இது பழுதான உள்காதைத் தாண்டி நேராக நரம்புக்கே போகிறது.

ஒன்றை மட்டும் மனதில் பதித்துக்கொள்ளுங்கள். உள்ளே பேட்டரி கிடையாது. அதற்கு வேண்டிய மின்சாரமும் காயில் வழியாகத்தான் போகிறது. காயிலை எடுத்த நொடியில் உள்பாகம் முழுக்க அணைந்துவிடும். குழந்தைக்குக் குறைவாகக் கேட்கும் என்று நினைத்துவிடக் கூடாது. பெரும்பாலான குழந்தைகளுக்கு அந்தக் காதில் எதுவுமே கேட்காது. சோதனை அதிகாரிக்கு நாம் புரியவைக்க வேண்டியது இதைத்தான்.

தமிழ்நாட்டில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இந்த அறுவை சிகிச்சை செய்கிறார்கள். அதனால் கையில் காசு இல்லாத வீட்டுப் பிள்ளைகளும் இன்று கருவியோடு பள்ளிக்குப் போகிறார்கள். வளைகுடாவில் வேலை பார்க்கும் அப்பாவைப் பார்க்க விமானம் ஏறும் பிள்ளைகளில் அவர்களும் இருக்கிறார்கள். ஆனால் வெளியே மாட்டும் ப்ராசஸர் தொலைந்தால் புதிது வாங்க லட்சக்கணக்கில் ஆகும். பாதுகாப்புச் சோதனையில் கருவி கெடுவதைவிட, ட்ரேயில் தொலையும் ஆபத்துதான் பெரிது என்று நான் நினைப்பதற்கு அதுவே காரணம்.

வாசல், கைக்கருவி, ஸ்கேனர், பெல்ட்

நடந்து கடக்கும் வாசலின் இரு பக்கப் பலகைகளுக்குள்ளும் கம்பிச்சுருள்கள் இருக்கின்றன. அவை மாறிக்கொண்டே இருக்கும் வலுக்குறைந்த காந்தப்புலத்தை உண்டாக்கும். அந்தப் புலத்துக்குள் உலோகம் வந்தால் அதில் சிறு மின்னோட்டம் சுழலும். அது புலத்தைக் கொஞ்சம் கலைக்கும். வாசல் அதைக் கண்டுபிடித்து ஒலி எழுப்பும். எந்த உயரத்தில் உலோகம் இருக்கிறது என்று விளக்கு எரிந்து காட்டும் வாசல்களும் உண்டு. இதில் எக்ஸ்ரே கிடையாது. அதிகாரி கையில் வைத்திருக்கும் மட்டை போன்ற கருவியும் இதே முறையில்தான் வேலை செய்கிறது.

எம்.ஆர்.ஐ. எடுக்கும்போது கவனம் என்று டாக்டர் சொல்லியிருப்பார். அதைக் கேட்ட பெற்றோர் "காந்தம்" என்ற சொல் வந்தாலே நடுங்குகிறார்கள். நியாயம்தான். ஆனால் எம்.ஆர்.ஐ. இயந்திரத்தின் காந்தம் 1.5 டெஸ்லா, 3 டெஸ்லா அளவில் இருக்கும். விமான நிலைய வாசலின் புலம் அதைவிடப் பல ஆயிரம் மடங்கு குறைவு. உள்காந்தத்தை நகர்த்தவோ, ப்ராசஸரில் ஆடியாலஜிஸ்ட் (கேட்கும் திறன் நிபுணர்) குழந்தைக்கேற்பப் போட்டுவைத்த மேப் என்ற அமைப்பை அழிக்கவோ அதற்கு வலு இல்லை.

இரண்டு விஷயங்கள் நடக்கலாம். ஒன்று, வாசலோ கைக்கருவியோ சத்தம் போடலாம். டைட்டானியமும் உலோகம்தானே. ப்ராசஸரைக் கழற்றினாலும் உள்ளே இருக்கும் பகுதிக்காக அது ஒலிக்கக்கூடும். அதனால் "கழட்டிட்டா சத்தம் வராது" என்று யாராவது சொன்னால் அது சரியில்லை. இரண்டு, கருவி ஓடிக்கொண்டிருக்கும்போது வாசலைக் கடந்தால் குழந்தைக்கு ஒரு கணம் இரைச்சலாகவோ ரீங்காரமாகவோ கேட்கலாம். டெலிகாயில் என்ற அமைப்பு ஓடிக்கொண்டிருந்தால் இது இன்னும் தெளிவாகத் தெரியும், ஏனென்றால் காந்தப்புலத்தை ஒலியாக மாற்றுவதுதான் அதன் வேலையே. கெடுதல் இல்லை, ஆனால் திடுக்கிட வைக்கும். அதனால்தான் சில கம்பெனிகளின் கையேடுகளில் வாசலைக் கடக்கும் நேரத்துக்கு மட்டும் ப்ராசஸரை அணைக்கச் சொல்கிறார்கள். அணைப்பது வேறு, கழற்றுவது வேறு. காதிலேயே இருக்கட்டும், அணைப்பதாக இருந்தால் குழந்தையிடம் சொல்லிவிட்டு அணைத்து, கடந்ததும் போட்டுவிடலாம். உங்கள் பிள்ளையின் மாடலுக்கு எது சரி என்று ஆடியாலஜிஸ்டிடம் ஒருமுறை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கைகளைத் தூக்கிக்கொண்டு சில நொடி நிற்கச் சொல்லும் பாடி ஸ்கேனர் வேறு வகை. அது மில்லிமீட்டர் அலை என்ற ரேடியோ அலையை அனுப்புகிறது. அந்த அலை துணியைக் கடக்கும், தோலில் பட்டுத் திரும்பிவிடும். எனவே தோலுக்கு அடியில் இருக்கும் இம்ப்ளான்ட் அதன் கண்ணுக்குத் தெரியாது; காதில் மாட்டிய ப்ராசஸர் மட்டும் ஏதோ ஒரு பொருளாகத் திரையில் குறியிடப்படலாம். குறி விழுந்தால் அதிகாரி அந்த இடத்தைக் கையால் தொட்டுப் பார்ப்பார், அவ்வளவுதான். உடலுக்குள் ஊடுருவும் கதிர்வீச்சு இதில் இல்லை. எக்ஸ்ரே கதிரைப் பயன்படுத்திய பழைய வகை ஸ்கேனர்களை அமெரிக்க விமான நிலையங்களில் 2013-லேயே எடுத்துவிட்டார்கள்.

எக்ஸ்ரே இருப்பது பை போகும் பெல்ட்டில். அங்கேதான் நான் கண்டிப்பாக இருப்பேன்: குழந்தை மாட்டியிருக்கும் ப்ராசஸர் அந்த ட்ரேயில் போகக்கூடாது. மைக்ரோபோன் கெடலாம் என்பதால் எக்ஸ்ரே பெல்ட்டில் வைக்க வேண்டாம் என்றே சில கம்பெனிகள் சொல்கின்றன. கம்பெனி சொல்லாவிட்டாலும், சாவிக்கொத்து, பெல்ட், மொபைல் எல்லாம் உருண்டு வரும் இடத்தில் பட்டாணி அளவுப் பாகங்கள் கொண்ட கருவியை யாரும் போட வேண்டியதில்லை. கூடுதல் ப்ராசஸர் ஒன்று இருந்தால் அதைச் சிறு பையில் கையில் வைத்துக்கொண்டு, "இதை மட்டும் கையால் பாருங்கள்" என்று கேளுங்கள். கருவியை உலர்த்தும் ட்ரையர் பெட்டி, சார்ஜர் எல்லாம் பெல்ட்டில் தாராளமாகப் போகலாம்.

நம் விமான நிலையங்களில்

1999 டிசம்பரில் ஐ.சி. 814 விமானம் கடத்தப்பட்ட பிறகு, 2000-இலிருந்து விமான நிலையப் பாதுகாப்பு படிப்படியாக மத்திய தொழில் பாதுகாப்புப் படையின் கைக்கு வந்தது. நாம் சி.ஐ.எஸ்.எஃப். என்று சொல்கிறோமே, அவர்கள்தான். சென்னையானாலும் மதுரையானாலும் வாசலைக் கடந்ததும் ஒரு சிறு மேடையில் ஏறி நிற்க வேண்டும். கைக்கருவியை உடம்பைச் சுற்றி ஓட்டுவார்கள். பெண்களுக்குத் திரை போட்ட தனி இடம். வாசல் ஒலிக்காவிட்டாலும் கைக்கருவிச் சோதனை பெரும்பாலும் உண்டு. ஆகவே நம் ஊரில் பேச வேண்டிய இடம் அந்தத் திரைக்குள்தான்.

அங்கே நிற்கும் அதிகாரி எந்த மாநிலத்தவராகவும் இருக்கலாம். தமிழ் தெரியும் என்று எதிர்பார்க்க முடியாது. டாக்டர் கடிதம் ஆங்கிலத்தில் இருக்கட்டும். அதோடு இரண்டு வாக்கியம் இந்தியில் மனப்பாடம் செய்துகொண்டால் பெரிய உதவி: "யே மெடிக்கல் மெஷின் ஹை. இஸ்ஸே பச்சா சுன்தா ஹை." இது மருத்துவக் கருவி, இதனால்தான் பிள்ளைக்குக் காது கேட்கிறது. பெண் குழந்தை என்றால் "பச்சீ சுன்தீ ஹை". கைக்கருவி தலைக்குப் பக்கத்தில் வருவதற்கு முன்பே இதைச் சொல்லிவிட வேண்டும். அது ஒலித்த பிறகு சொன்னால் விளக்கம். முன்பே சொன்னால் தகவல். அதிகாரியின் முகத்திலேயே அந்த வித்தியாசம் தெரியும்.

ஒருமுறை ஒரு விமான நிலையத்தில், நான் வாயைத் திறப்பதற்குள் கைக்கருவி என் மகளின் காதருகே கத்திவிட்டது. அந்தப் பெண் அதிகாரி "நிகாலோ" என்றார், அதாவது எடுங்கள். அவர் கடுமையாகச் சொல்லவில்லை, வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார். என் மகள் இரண்டு கையாலும் காயிலைப் பொத்திக்கொண்டாள். குளியலுக்கும் தூக்கத்துக்கும் தவிர அவள் அதைக் கழற்றுவதே இல்லை. இம்ப்ளான்ட் வைத்ததற்கான அட்டையைக் காட்டி, அந்த இரண்டு வாக்கியத்தைச் சொன்னேன். அதிகாரி குனிந்து பார்த்தார், காயிலைச் சுற்றி விரலால் தொட்டுப் பார்த்தார், "டீக் ஹை" என்று அனுப்பிவிட்டார். கழற்றாமலே சோதிக்க முடியும் என்று அன்றைக்கு நேராகப் பார்த்தேன். கருவியைக் கையால் தொட்டுப் பார்ப்பது, வெடிபொருள் தடயம் இருக்கிறதா என்று துணிப்பட்டையால் துடைத்துப் பார்ப்பது என்று அவர்களிடம் வேறு வழிகள் இருக்கின்றன. நாம்தான் மரியாதையாக, உறுதியாகக் கேட்க வேண்டும். குரலை உயர்த்த அவசியமே இல்லை. புரியவில்லை என்றால் மேலதிகாரியை அழைக்கச் சொல்லலாம்.

நடனக் கலைஞரும் நடிகையுமான சுதா சந்திரன் 2021 அக்டோபரில் ஒரு வீடியோ வெளியிட்டார். ஒவ்வொரு பயணத்திலும் தன் செயற்கைக் காலைக் கழற்றச் சொல்கிறார்கள் என்று அதில் வருந்தினார். அதைப் பார்த்த பிறகு சி.ஐ.எஸ்.எஃப். மன்னிப்புக் கேட்டது. ஊரறிந்த ஒருவருக்கே அந்த நிலை என்றால், பேசத் தெரியாத குழந்தைக்காக நாம் பேசித்தான் ஆக வேண்டும்.

மற்ற கருவிகள்

பிறவியிலேயே இதயத் துடிப்புக் கோளாறு உள்ள குழந்தைகளுக்கும், இதய அறுவை சிகிச்சைக்குப் பிறகு சிலருக்கும் பேஸ்மேக்கர் வைக்கிறார்கள். சின்னக் குழந்தைகளுக்கு அது மார்பில் இல்லாமல் வயிற்றுப் பகுதியில் இருக்கலாம். இதை அதிகாரியிடம் சொல்லாவிட்டால் அவருக்குத் தெரிய வாய்ப்பில்லை. வாசலைச் சாதாரண நடையில் கடந்தால் ஒன்றும் ஆகாது. அதன் மேல் சாய்ந்துகொண்டோ நடுவில் நின்றுகொண்டோ இருக்கக் கூடாது. கைக்கருவியை பேஸ்மேக்கர் இருக்கும் இடத்தின் மேல் அப்படியே பிடித்து வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளலாம். கையால் சோதித்தால் இன்னும் நல்லது.

மூளையில் சேரும் நீரை வடியவிடும் ஷன்ட் என்ற குழாய் வைத்த குழந்தைகள் சிலருக்கு, நீர் வடியும் அளவை வெளியிலிருந்தே காந்தக் கருவியால் மாற்றக்கூடிய வால்வு இருக்கும். விமான நிலைய வாசலின் புலம் அதை மாற்றும் அளவுக்கு வலுவானதில்லை. எனக்குக் கவலை தருவது சோதனை முடிந்த பிறகு விமானத்துக்குள் நடப்பது. அழும் பிள்ளையை அமைதிப்படுத்த டேப்லெட்டைக் கையில் கொடுக்கிறோம், பிள்ளை அதன் மேலேயே தலையைச் சாய்த்துத் தூங்கிவிடுகிறது. ஐபேட் 2-இன் காந்தம் மிக நெருக்கத்தில் ஷன்ட் வால்வின் அளவை மாற்றக்கூடும் என்று மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2012-இல் கண்டறிந்தார்கள். காந்த மூடி உள்ள டேப்லெட், காந்தப் பொம்மை இரண்டையும் தலையிலிருந்து தள்ளியே வையுங்கள்.

இன்சுலின் பம்ப், சர்க்கரை சென்சார் ஆகியவை முழு இம்ப்ளான்ட் இல்லை, உடம்போடு ஒட்டியவை. அவற்றில் சிலவற்றை எக்ஸ்ரே பெல்ட்டிலும் பாடி ஸ்கேனரிலும் கொண்டுபோகக் கூடாது என்று கம்பெனியே சொல்கிறது. கையேட்டைப் பார்த்துவிட்டு, கைச் சோதனை கேளுங்கள். முதுகெலும்பு வளைவுக்குக் கம்பி வைத்த பிள்ளைகளுக்கு வாசல் ஒலிக்கலாம். வேறு எதுவும் இல்லை, ஒரு கடிதம் போதும்.

வெளிநாடு போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அமெரிக்காவில் சோதனை நடத்தும் டி.எஸ்.ஏ., காக்ளியர் இம்ப்ளான்ட்டைக் கழற்ற வேண்டியதில்லை என்று வெளிப்படையாகவே சொல்கிறது. பயணத்துக்கு 72 மணி நேரம் முன்பு டி.எஸ்.ஏ. கேர்ஸ் சேவைக்குச் சொல்லிவைத்தால் சோதனையிடத்தில் உதவி கிடைக்கும். 2016-இல் லண்டனின் கேட்விக் விமான நிலையத்தில் தொடங்கிய சூரியகாந்திப் பட்டை பல நாடுகளுக்குப் பரவியிருக்கிறது. பச்சை நிறப் பட்டையில் மஞ்சள் சூரியகாந்தி. கழுத்தில் போட்டிருந்தால், வெளியே தெரியாத ஒரு குறைபாடு இவருக்கு உண்டு, கொஞ்சம் பொறுமை வேண்டும் என்று ஊழியர்களுக்குத் தெரியும். இந்தியாவிலும் சில விமான நிலையங்கள் இதில் சேர்ந்துள்ளன.

கிளம்புவதற்கு முன்

வீட்டிலேயே ஒத்திகை பாருங்கள். கரண்டியைக் கைக்கருவியாக்கி அப்பா அதிகாரியாக நிற்கட்டும், பிள்ளை கையை விரித்து நிற்கட்டும், பிறகு பிள்ளை அதிகாரியாகட்டும். கதவு நிலை வழியாக நடந்து, "பீப்" என்று வாயால் சத்தம் கொடுங்கள். சத்தம் வந்தால் தப்பில்லை என்பது பிள்ளைக்கு விளையாட்டிலேயே பழகிவிடும். கருவியை அணைக்க நேர்ந்தால் என்ன சைகை என்பதையும் அப்போதே முடிவு செய்துவிடுங்கள். தோளைத் தொட்டு, நம் முகத்தைப் பார்க்கவைத்து, காதைக் காட்டிக் கையை மூடினால் "அணைக்கப் போறேன்". கையைத் திறந்தால் "போட்டாச்சு". சொல்லாமல் அணைப்பது மட்டும் ஒருபோதும் வேண்டாம்.

இம்ப்ளான்ட் அட்டை, டாக்டர் கடிதம், இரண்டும் கைப்பையின் வெளி அறையில் இருக்கட்டும். மொபைலில் படம் எடுத்தும் வையுங்கள். கூடுதல் லித்தியம் பேட்டரிகளையும் பவர் பேங்கையும் செக்-இன் பெட்டியில் போட அனுமதியில்லை, கைப்பையில்தான். அரைஞாண்கொடி, கொலுசு, உலோக ஹேர் கிளிப் எல்லாம் அன்றைக்கு மட்டும் வேண்டாம். கைக்கருவி அவற்றுக்கும் கத்தும். எதற்காகக் கத்துகிறது என்று பிரித்துப் பார்க்கவே நேரம் போய்விடும்.

தொப்பியோ குல்லாயோ போட்டிருந்தால் வரிசையில் நிற்கும்போதே நீங்களே எடுத்துவிடுங்கள். அவசரத்தில் வேறு யாராவது உருவினால் காயில் கூடவே கழன்று வரும். அப்படிக் கழன்றால் தரையில் மட்டும் தேடிக்கொண்டிருக்காதீர்கள். அதில் காந்தம் இருக்கிறது; பக்கத்தில் உள்ள இரும்பில் போய் ஒட்டியிருக்கும். மேசையின் கால், தள்ளுவண்டியின் கம்பி, நாற்காலியின் அடிப்பக்கம், இங்கெல்லாம் பாருங்கள். வயரோடு சேர்த்துச் சட்டையில் மாட்டும் கிளிப் போட்டிருந்தால் இந்தத் தேடலே இல்லை.

சோதனை முடிந்ததும் நேராக போர்டிங் கேட்டுக்கு ஓட வேண்டாம். ஒரு நாற்காலியில் பிள்ளையை உட்காரவைத்து, ப்ராசஸரின் விளக்கு சரியாக எரிகிறதா, டெலிகாயில் இல்லாமல் வழக்கமான ப்ரோகிராமில் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு, தெரபியில் தினமும் செய்யும் லிங் ஒலிச் சோதனையை அங்கேயே செய்துவிடலாம். வாயை மறைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள்: ஆ, ஊ, ஈ, ம், ஷ், ஸ். பிள்ளை ஆறையும் திருப்பிச் சொன்னால் கருவி நன்றாக ஓடுகிறது. ஏதாவது ஒன்று விட்டுப்போனால் முதலில் காயிலைச் சரியாக வைத்துப் பாருங்கள், அடுத்து பேட்டரியை மாற்றுங்கள், அதற்கும் சரியாகவில்லை என்றால் கூடுதல் வயரைப் போட்டுப் பாருங்கள். அப்போதும் கேட்கவில்லை என்றால் விமானம் ஏறும் முன்பே ஆடியாலஜிஸ்டைக் கூப்பிட்டுவிடுங்கள். மேலே போன பிறகு கூப்பிட முடியாது.